கழுதை ஓடையில் என் நாத்தனார்

புல்டோசரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கியதும், வோண்டா புதுக் கரையின் மேல் ஏறி நின்று குதிக்கிறாள். இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனை வரைக்கும், வேலை பார்க்கும் கனத்த பூட்ஸோடு, குதித்துக்கொண்டே போகிறாள். வயது அறுபதை நெருங்குகிறது. உடம்பும் லேசான உடம்பு இல்லை. "நான் குதிச்சே தாங்கலன்னா வெள்ளத்துக்கு எங்க தாங்கப்போகுது?" என்பாள். குதித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, இடுப்பில் கைவைத்துக் கரையை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு ஒரு பெயரைச் சொல்வாள். அன்றிலிருந்து அந்த அணைக்கு அதுதான் பெயர்.

நில இலாகா தன் அணைகளுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்து வைத்திருக்கிறது. அவை இலாகாவுக்கே நினைவிருப்பதில்லை. வோண்டா வைக்கும் பெயர்கள்தான் நிலைத்துவிட்டன. அவை எல்லாம் ஊர்க்காரர்களின் பெயர்கள். வார நாட்களில் டயர் கடை நடத்தும் எங்கள் சபையின் பிஷப் மெரில், சாம்பல் மேட்டுக்கு வடக்கே இருக்கிறார். கொஞ்சம் கசிவார். வோண்டாவின் கணவர் அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவர் பெயரிலும் ஓர் அணை இருந்தது. முதல் மழையிலேயே போய்விட்டது. அதை மட்டும் அவள் திரும்பக் கட்டவில்லை.

நானும் ஓர் அணைதான். ஜூனிப்பர் மரங்களுக்குக் கீழே இருக்கிறேன். "ஜனீல் அண்ணி மாதிரி ஒரு அணை கிடையாது. கழுத்து வரைக்கும் சேறு ரொம்பினாலும் வாயத் தொறக்காது" என்று அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். இது பாராட்டா குத்தலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சொன்னது நாத்தனார் என்பதால் இரண்டுமாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊரைச் சுற்றியிருக்கும் சாம்பல் மேடுகள் ஒரு காலத்தில் கடலடி. "கடல் கிளம்பிப் போச்சு அண்ணி, உப்ப எடுத்துட்டுப் போக மறந்துடுச்சு. இப்ப நாம மூட்டை கட்டி அனுப்பிக்கிட்டிருக்கோம்" என்பாள். மேடுகளும் அவற்றின் நடுவே கிடக்கும் சமவெளியும் அரசாங்க மேய்ச்சல் புறம்போக்கு. எங்களைப் போன்றவர்கள் அனுமதி வாங்கி அதில் மாடு விடுகிறோம். புல் இல்லாத இடத்தில் மழை அடித்தால் மண்ணோடு உப்பும் கரைந்து ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து ஆற்றுக்கு, அங்கிருந்து கொலராடோ பெருநதிக்கு. தெற்கே பாலைவனம் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறார்கள், அதைத்தான் குடிக்கிறார்கள். வோண்டாவின் வேலை, அந்த உப்பை வழியிலேயே மடக்குவது. ஓடைகளுக்குக் குறுக்கே சின்னச் சின்ன மண் அணைகள். வெள்ளம் வந்து நிற்கும், வண்டல் படியும், உப்பும் அதோடு உட்காரும், போகப்போக அதன் மேல் புல் பிடிக்கும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் வைக்கோல் லாரி ஓட்டினாள். ஒரு முறை தெற்கே, அந்த நதி பாயும் யூமா பக்கம் ஒரு பால் பண்ணையில் சரக்கை இறக்கிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டம்மா தம்ளரை நீட்டி, "கொஞ்சம் கரிக்கும், மன்னிச்சுக்கோங்க" என்றாளாம். கொல்லையில் எலுமிச்சை மரங்கள் இலை ஓரமெல்லாம் கருகி நின்றனவாம்.

"குடிச்சதும் நாக்கு சொல்லிடுச்சு அண்ணி, இது நம்ம கழுதை ஓடைன்னு. வேத்து ஊர்ல நம்மூர்க்காரனப் பாத்தா சந்தோஷமாத்தானே இருக்கணும்? எனக்கு வெக்கமாப் போச்சு. நம்ம வீட்டுச் சாக்கடை அடுத்த வீட்டு வாசல்ல போய் நிக்குது. அந்தம்மா நம்மகிட்ட மன்னிப்புக் கேக்குது!"

ஊருக்குத் திரும்பியவள் லாரியை விற்றுவிட்டு, இலாகாவில் புல்டோசர் ஓட்டச் சேர்ந்துவிட்டாள்.

"வடிகட்டிக் குடிக்கச் சொல்லு" என்பது இந்த விஷயத்தில் என் வீட்டுக்காரர் ஓரினின் கருத்து. ஓரின் அவளுடைய அண்ணன். உப்பு தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று யாராவது அவரிடம் சொன்னால், "உப்பு நம்மளுது, தண்ணி குடிக்கிறவன் கலிபோர்னியாக்காரன். அவன் கஷ்டம் அவனுக்கு" என்பார். கெட்ட மனிதர் இல்லை. தெற்கே போனதில்லை, அவ்வளவுதான்.

வோண்டா புல்டோசரில் உட்கார்ந்துவிட்டால் ஞானப்பாட்டுப் பாடுவாள். சபையில் பாடினால் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது என்று அங்கே உதட்டை மட்டும் அசைப்பாள். அப்படி ஞாயிற்றுக்கிழமை மிச்சம் பிடித்ததையெல்லாம் திங்கட்கிழமை ஓடையில் தீர்த்துக்கொள்வாள். கேட்க எங்கள் மாடுகள் வந்துவிடும். பாட்டுக்காக அல்ல. ஓரினின் பழைய லாரியும் அந்தப் புல்டோசரும் ஒரே மாதிரி உறுமும். லாரி வந்தால் நக்குவதற்கு உப்புக்கட்டி வரும் என்று மாடுகளுக்குப் பழக்கம்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் வந்த சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஓரின் உப்புக்கட்டிகளை ஓடைக்கரையிலேயே போட்டுவிட்டு வந்துவிடுவார். மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தால் மாடுகள் அங்கே நிற்கும், ஓடைக்கு வராது. ஆனால் மேடு ஏற அவருடைய முழங்கால் சம்மதிக்காது. அதை வெளியே சொல்ல அவருடைய மனது சம்மதிக்காது. ஆகவே உப்பு ஓடைக்கரையில், மாடும் ஓடைக்கரையில், வோண்டா அன்று காலையில் கட்டிய ஈரக் கரையின் மேல் குளம்புகள்.

"ஆத்துல உப்புப் போகக் கூடாதுன்னு நான் இங்க ராத்திரி பகலா மண்ணத் தள்ளுறேன். உங்க வீட்டுக்காரர் வண்டி வெச்சுக் கொண்டாந்து ஓடையில உப்பு வெக்கிறாரு. இந்தக் கூத்த எங்க போய்ச் சொல்ல?" என்று என்னிடம் வந்து கத்தினாள். நான் ஓரினிடம் சொன்னேன். ஓரின் மாட்டைக் குறை சொன்னார்.

இரண்டு அணைகள் மிதிபட்டுச் சரிந்தபோது இலாகா அதிகாரி வந்து பார்த்தார். யார் மாடு என்று கேட்டார். "எங்க அண்ணன் மாடு" என்றாள் வோண்டா, எண்ணிப் பார்க்காமல். அடுத்த வசந்தத்திலிருந்து சமவெளியில் எங்கள் மாடுகளுக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. பாதி மந்தையை விற்றோம். மீதிக்கு மலைக்கு அந்தப் பக்கம் வாடகைப் புல் தேடி அலைந்தோம். ஓரின் தன் கையால் வளர்த்த கிடாரிகளை ஏலத்துக்கு ஏற்றிவிட்ட அன்று, சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டார்.

"கூடப் பொறந்தவளா அவ? தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கா அறுந்துடும்?"

இதை நான் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் பதில் இப்படி வந்தது: "ஒவ்வொரு மாட்டுக் காதுலயும் அவரு பேரு தொங்குது அண்ணி. தெரியலன்னு எப்படிச் சொல்றது? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னா?"

அதோடு பேச்சு நின்றது. அவள் வாயில் 'அண்ணன்' போய் 'உங்க வீட்டுக்காரர்' ஆனது. அவர் வாயில் 'தங்கச்சி' போய் 'உன் நாத்தனார்' ஆனது. சபையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரே பெஞ்சு. நான் நடுவில்.

"உன் நாத்தனார்கிட்ட சொல்லு, பூட்ஸ்ல சேறு. என் பேண்ட்ல படுது."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, அது சேறு இல்ல, அவரு மாடு போட்டது."

பிஷப் மெரில் சமாதானம் பேச இருவரையும் தன் டயர் கடைக்குக் கூப்பிட்டார். என்னையும் வரச் சொன்னார், மொழிபெயர்ப்புக்கு. மன்னிப்பைப் பற்றி அழகாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் எதிரே வோண்டா உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு வேறு ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பாதிப் பேச்சில் நிறுத்தி, "ஏம்மா, நான் ஏன் கசியிறேன்?" என்று கேட்டுவிட்டார்.

"அடியில களிமண் பத்தல பிஷப். உங்க மேல தப்பில்ல. மனசுல வெச்சுக்காதீங்க."

சமாதானம் அத்தோடு முடிந்தது. பிஷப்புக்கு மட்டும் ஆறுதலாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அவள் கழுதை ஓடையின் வளைவில், எந்த அணையும் நிற்காது என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில், ஒரு கரை எழுப்பினாள். குதித்தாள். இடுப்பில் கைவைத்தாள். "ஓரின்" என்றாள்.

முதல் பெருமழையில் ஓரின் உடைந்தது. மறுநாள் காலை என் வீட்டுக்காரர் பெட்ரோல் பங்குக்குப் போனபோது, அங்கே சோடா உறிஞ்சிக்கொண்டு நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "என்ன ஓரின், நேத்து சாயங்காலமே போயிட்டியாமே? உங்க வீட்டுல சொல்லவே இல்லையே!" அவள் மறுபடி கட்டினாள். மறுபடி உடைந்தது. "இந்த வாட்டி இடுப்பு விட்டுடுச்சாம்ப்பா. வயசாச்சுல்ல?" என்றார்கள். அவர் வீட்டுக்கு வந்து தொப்பியை மேசைமேல் அடித்தார். "என் பேர நாறடிக்கணும்னே கட்டுறா!"

நான் அவளிடம் போய், வேறு பெயர் வைக்கக் கூடாதா என்று கெஞ்சினேன்.

"இந்த ஓடைக்கு வேற பேரு ஆகாது அண்ணி. முரட்டு எடம். முரட்டுப் பேருதான் நிக்கும்."

"நிக்கலையேடி!"

"நிக்கும்" என்றாள், மூன்றாவது தடவையாகக் கட்டப் புல்டோசரில் ஏறிக்கொண்டே.

கோடையின் ஆரம்பத்தில் இலாகா ஊர்க்கூட்டம் போட்டது, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில். அதிகாரி நல்ல பையன், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. அணைகளின் எண்களைச் சொல்லித்தான் தொடங்கினார். யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் வழிக்கு வந்தார்.

"ஜனீல் கழுத்து வரைக்கும் ரொம்பிட்டாங்க. இந்த வருஷம் தோண்டி எடுக்கணும். பிஷப்போட கசிவு நல்லாக் கொறஞ்சிருக்கு."

பிஷப்பின் மனைவி கை தட்டினாள்.

"அடுத்து ஓரின்." அதிகாரி தொண்டையைச் செருமினார். "ஓரின் இந்த மழைக்காலம் தாங்கிட்டா, கீழ சமவெளியில புல் பிடிக்கும். அப்புறம் வசந்தத்துல மாடு விடலாம். தாங்கலன்னா அந்த ஓடைய விட்டுட வேண்டியதுதான். மொத்தமா வேலி போட்டு மூடிடுவோம். அந்த இடத்துல கட்டவே வேணாம்னுதான் நாங்க சொன்னோம். வோண்டா மேடம்தான் ஒத்தக் கால்ல நின்னாங்க."

அரங்கமே திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு என் காதில் சொன்னார்: "உன் நாத்தனார்கிட்ட சொல்லு. தண்ணி வழியிற கலிங்கு குறுகல். குழந்தைகூடச் சொல்லும்."

நான் குனிந்து இந்தப் பக்கம் சொன்னேன். "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அகலமா வெட்டினா தண்ணியோட வண்டலும் ஓடிடும். அப்புறம் அணை எதுக்கு, அழகுக்கா?"

ஆகஸ்ட் மாதம் ஒரு பகல். வேலிக்கு வெளியே தப்பிப்போன சில மாடுகளைத் தேடி நானும் ஓரினும் பிக்கப்பில் கழுதை ஓடைப் பக்கம் போனோம். எங்கள் தலைக்கு மேல் வெயில். மேற்கே மலைப்பக்கம் வானம் கத்தரிக்காய் நிறத்தில் தொங்கியது. ஓடையில் வோண்டா புல்டோசரோடு இருந்தாள். கலிங்கில் காற்று உருட்டிக்கொண்டு வந்து அடைத்த காய்ந்த முட்புதர்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளத் தள்ள இன்னும் உருண்டு வந்தன.

"உன் நாத்தனார்கிட்ட சொல்லு, வெள்ளம் வருது. கிளம்பச் சொல்லு."

நான் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். "வோண்டா, வெள்ளம் வருதாம்!"

"தெரியும்னு சொல்லுங்க!"

"தெரியுமாம்."

"கேட்டுச்சு!" என்றார் ஓரின்.

"கேக்குதுன்னா நான் எதுக்கு நடுவுல?" என்று எனக்கு வந்த கோபத்தை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் வெள்ளத்தின் வாசனை வந்துவிட்டது. நனைந்த மண், அழுகிய தழை, அதோடு ஒரு கடற்கரை வாசனை. பிறகு சத்தம். பிறகு வளைவைத் திரும்பிக்கொண்டு அதுவே வந்தது. கஞ்சி பதத்தில் சாம்பல் நிறச் சேறு. அதன் முன்னால், ஊர்வலத்துக்கு முன்னே ஓடும் நாய்களைப் போல, முட்புதர்கள்.

அவை நேராகக் கலிங்குக்குப் போய் அடைத்துக்கொண்டன. தண்ணீர் கரையில் ஏறத் தொடங்கியது. வோண்டா புல்டோசரைக் கரையின் முனைக்கே கொண்டுபோய், மண்வெட்டும் தகட்டை நீட்டிப் புதர்களைக் கிளறினாள். ஓரின் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "கைக்கு வேலை. மெஷின் வேலை இல்ல. கைக்கு வேலை" என்று யாரிடமோ சொன்னார். கதவைத் திறந்தார். சம்மதிக்காத அந்த முழங்காலோடு, சேற்றில் சறுக்கிக்கொண்டு, கலிங்கைப் பார்த்து ஓடினார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் புதர்களைப் பிடுங்கி அந்தப் பக்கம் எறிந்தார். கையுறை வண்டியிலேயே கிடந்தது. அவள் மேலிருந்து பெரிய கட்டைகளை இழுத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் அவர் ஒதுங்கிய நொடியில் தகடு இறங்கியது, தகடு ஏறிய நொடியில் அவர் குனிந்தார். சின்ன வயதில் ஒரே வரப்பில் தண்ணீர் கட்டியவர்கள். நான் வண்டிக்குள் உட்கார்ந்து தெரிந்த ஜெபத்தையெல்லாம் முடித்துவிட்டுத் தெரியாததையும் ஆரம்பித்தேன்.

புல்டோசரின் சங்கிலிப் பட்டைக்கு அடியில் கரையில் கோடு ஒன்று விழுந்ததை முதலில் பார்த்தவர் ஓரின். வோண்டாவுக்கு அது தெரியாது. அவள் முன்னால் குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் வோண்டா! கரை இறங்குதுடி! பின்னால எடு! பின்னால எடுடி மண்டு!"

அவள் தலையைத் தூக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. அண்ணன் சொன்னதும் கை தானாகப் பின்னால் எடுத்தது. புல்டோசர் அலறிக்கொண்டு பின்வாங்கியது. அது நின்றிருந்த இடம், ஒரு வீட்டு முன்னறை அளவுக்கு மண், அப்படியே நழுவித் தண்ணீருக்குள் இறங்கியது.



"அண்ணா!" என்று அவள் மேலிருந்து கத்தினாள். "நின்னுக்கிட்டிருக்கியே, அந்தப் பெரிய புதரப் புடுங்கு!"

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா!" என்று அவரும் கத்தினார். பிடுங்கினார்.

அது போனதும் கலிங்கு வாயைத் திறந்தது. தண்ணீர் ஒரு பெரிய ஏப்பம் விட்டு அந்த வழியாக இறங்கியது. கரையின் ஒரு மூலை போய்விட்டது. மற்றதெல்லாம் நின்றது. மழை எங்கள் பக்கம் வந்தபோது வெறும் தூறலாகத்தான் வந்தது. அணைக்குள்ளே சாம்பல் நிறத் தண்ணீர் ஒரு பெரிய தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது.

"கலிங்கு குறுகல்" என்றார் ஓரின், மூச்சு வாங்கிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து.

"முள்ளு அடைச்சிடுச்சு. குறுகல் ஒண்ணும் இல்ல" என்றாள் வோண்டா, அவளும் தண்ணீரைப் பார்த்து.

"குறுகல்."

"சரி, ஒரு முழம் வெட்டுறேன். அதுக்கு மேல கேக்காத."

பிக்கப்பின் பின்பலகையை இறக்கி நான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தேன். ஓரின் ரொட்டியை எடுக்கப் போய் முகத்தைச் சுளித்தார். உள்ளங்கை முழுக்க முள். வோண்டா பார்த்தாள். கருவிப் பெட்டியிலிருந்து கூர்மூக்குக் குறடை எடுத்து, சட்டையில் துடைத்து, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். அவர் மேட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அங்கே ஏதோ முக்கியமான மாடு நிற்பதைப் போல. வலித்தபோது மூக்கால் மட்டும் சத்தம் வந்தது.

கடைசி முள்ளை எடுத்து அவள் கையை விட்டாள். ஓரின் இன்னும் மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்தபடியே மறு கையை நீட்டினார்.